நின்ற இடமே சாட்சி

அமெரிக்க நாட்டில் குறிபார்த்துச் சுடும் பயிற்சி நடைபெறும் களங்களுக்குச் செல்பவர்கள், சுட்டு முடித்தவர்களிற் சிலர் குனிந்து, தரையெங்கும் சிதறிக் கிடக்கும் பித்தளைக் கூடுகளைச் சோழி பொறுக்குவதுபோல ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் இட்டுக்கொள்வதைக் காண்பார்கள். அதைக் கண்டு உலோபத்தனம் என்று எண்ணிவிடலாகாது. தோட்டா என்று ஒரே சொல்லால் நாம் குறிக்கும் பொருள் உண்மையில் நான்கு உறுப்புக்கள் கூடி அமைந்தது: பறந்து செல்லும் குண்டு, அதைத் தள்ளும் புகையற்ற மருந்து, அம்மருந்துக்குத் தீ மூட்டும் பிரைமர் என்ற சிறு கிண்ணம், இம்மூன்றையும் ஒருங்கே தாங்கி நிற்கும் பித்தளைக் கூடு. ஒரு முறை சுட்டவுடன் முதல் மூன்றும் செலவாகிவிட, 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த அந்தக் கூடு மட்டும் ஏறக்குறையத் தன் பழைய உருவத்துடனேயே எஞ்சி நிற்கிறது. அதை அச்சில் இட்டுப் பழைய அளவுக்குக் கொணர்ந்து, புதிய பிரைமரும் மருந்தும் குண்டும் சேர்த்துத் தம் கையாலேயே தோட்டா செய்துகொள்ளும் கலையை அந்நாட்டார் பல தலைமுறைகளாகப் பயின்று வருகிறார்கள்.

இக்கலை அங்கே வேரூன்றியதற்குச் சிறியதாயினும் சுவையான ஒரு காரணம் உண்டு. 1866ஆம் ஆண்டையொட்டி அமெரிக்கரான ஹைரம் பெர்டன் ஒரு வகைப் பிரைமரையும், ஆங்கிலேயரான எட்வர்ட் பாக்ஸர் வேறொரு வகையையும் அமைத்தனர். பாக்ஸரின் முறையில் கூட்டின் அடியிலே நட்டநடுவில் ஒரே துவாரம் இருப்பதால், வாய்வழியே மெல்லிய ஊசி ஒன்றைச் செலுத்தி அழுத்திய மாத்திரத்தில் பழைய பிரைமர் கழன்று விழுந்துவிடும். பெர்டனின் முறையிலோ துவாரங்கள் நடுவை விட்டு விலகி இருப்பதால் அவ்வாறு எளிதிற் கழற்ற இயலாது. அமெரிக்கரின் அமைப்பை ஐரோப்பாவும் ஆங்கிலேயரின் அமைப்பை அமெரிக்காவும் பெரும்பாலும் தழுவிக்கொண்டமையால், கூட்டை மீளப் பயன்படுத்தும் வசதி அமெரிக்கருக்கே எளிதில் வாய்த்தது.

இவ்வாறு வீட்டு மேசையிலே செய்த தோட்டாக்கள் ரிவால்வரில் அநேகமாக எவ்விதத் தொல்லையும் கொடுப்பதில்லை. ஆனால் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் பிஸ்டலில் அவற்றை இட்டுச் சுடும்போது, இரண்டு மூன்று நன்றாகச் சென்றபின், நான்காவது பாதி உள்ளும் பாதி வெளியுமாகச் சிக்கி யந்திரம் ஸ்தம்பித்து நின்றுவிடுவது புதிதாய்ப் பழகுவோர் எல்லோரும் காணும் காட்சி. அத்தருணத்தில் அவர்கள் செய்யும் முதற்காரியம் சிக்கியதை அசைத்து, இழுத்து, எறிந்துவிட்டு மேலே சுட முயல்வதுதான். அவ்வாறு எறிந்துவிடுகிற தோட்டாவிலேதான் குற்றத்தின் வரலாறு முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது என்பதையும், அதை வாசிக்கும் முறையையும் எடுத்துரைப்பதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

யந்திரத்தின் மாறும் உறுப்பு

ரிவால்வரில் ஒவ்வொரு தோட்டாவையும் மனிதனின் விரல்கள் அதனதன் அறையில் நேராக வைக்கின்றன. பிஸ்டலில் அந்த வேலையை முந்திய தோட்டாவே செய்கிறது. வெடித்த வேகத்தின் எதிர்விளைவால் ஸ்லைடு என்னும் மேற்பகுதி பின்னோக்கி ஓடி, வெற்றுக் கூட்டை வெளியே எறிந்து, பின்னர்ச் சுருள்வில்லின் விசையால் முன்னோக்கித் திரும்புகையில் தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசீனின் உச்சியிலுள்ள தோட்டாவின் அடிப்புறத்தைப் பற்றித் தள்ளுகிறது. தள்ளப்பட்ட தோட்டாவின் மூக்கு குழலின் வாயிலிலுள்ள சரிவில் மோதி மேலெழும்புகிறது. மேலெழும்போது அதன் அடி விளிம்பு, வெற்றுக் கூட்டை இழுப்பதற்கென அமைந்த கொக்கியின் கீழே வழுக்கிச் சென்று அமர்கிறது. சாய்ந்து நின்ற உடல் நேராகிறது. குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் நுழைந்து முடிவில் ஓர் எல்லையிற் சென்று நிற்கிறது. கண் இமைக்கும் நேரத்திற்குள் இத்தனையும் நிகழ்ந்து முடிய வேண்டும்.

ஆகவே பிஸ்டல் தோட்டாவுக்குக் கடமைகள் இரண்டு: தன் குண்டை அனுப்புவது ஒன்று, தனக்குப் பின் வருவதற்கு இடம் பண்ணி வைப்பது மற்றொன்று. இதை ஊன்றி நோக்கினால், தோட்டா என்பது யந்திரத்துக்கு நாம் ஊட்டும் உணவன்று, யந்திரத்தின் ஓர் உறுப்பே என்பதும், ஒவ்வொரு முறை சுடும்போதும் அவ்வுறுப்பு ஒன்று புதிதாக மாற்றப்படுகிறது என்பதும் விளங்கும். யூட்டா மாகாணத்து ஆக்டன் நகரில் 1855இல் பிறந்த ஜான் பிரௌனிங் என்ற மேதை இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருந்தார். அவர் .45 அளவுத் தோட்டாவையும் அதற்குரிய பிஸ்டலையும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு வளர்த்தெடுத்தார். 1911 மார்ச் மாதத்தில் நடந்த பரிசோதனையில் அப்பிஸ்டல் 6,000 தோட்டாக்களை ஒரு தடையுமின்றிச் சுட்டது. அம்மாதம் 29ஆம் தேதியே அமெரிக்க ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. தன் கையால் தோட்டா செய்பவன் தான் அறிந்தோ அறியாமலோ பிரௌனிங் போன்றவர்களின் வேலையிற் பாதியைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறான். அந்தப் பொறுப்பை உணர்ந்தவனுக்கே தடைகளின் காரணம் புலப்படும்.

மயிரிழையின் கணக்கு

உதாரணமாக 9 மில்லிமீட்டர்த் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். ஜியார்ஜ் லூகர் 1902இல் ஜெர்மனியில் அமைத்த இந்தத் தோட்டா இன்று உலகெங்கும் பரவி நிற்கிறது. ரிவால்வர்த் தோட்டாவின் அடியில் பிதுங்கி நிற்கும் விளிம்பு அறையின் பின்புறத்தில் மாட்டிக்கொள்வதால் தோட்டா எல்லை கடந்து உள்ளே செல்லமாட்டாது. லூகரின் தோட்டாவில் அத்தகைய பிதுக்கம் இல்லை. மேகசீனில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது விளிம்புகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளாதிருக்கும் பொருட்டு அது நீக்கப்பட்டது. அப்படியானால் தோட்டாவை எல்லையில் நிறுத்துவது எது? கூட்டின் வாய் விளிம்புதான். அறையின் முன்பகுதியில் வெட்டப்பட்ட மிகச் சிறிய படியொன்றில் அவ்வாய் சென்று முட்டி நிற்கும்படி கணக்கிடப்பட்டிருக்கிறது.

இதனால் கூட்டின் வாய்க்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு தர்மங்கள் ஏற்பட்டுவிடுகின்றன. குண்டு ஆடாதபடி இறுகப் பற்ற வேண்டும் என்பது ஒன்று. படியில் முட்டுவதற்குக் கூரான விளிம்பை வெளியே காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது மற்றொன்று. ரிவால்வர்த் தோட்டாவின் வாயை உட்புறமாக மடித்துக் குண்டின் பள்ளத்திற் பதித்துவிடுவது வழக்கம். அந்த வழக்கத்தை அப்படியே கொண்டுவந்து பிஸ்டல் தோட்டாவின் வாயையும் மடித்துவிட்டால் முட்டுவதற்கு விளிம்பே இல்லாமற் போய்விடும். ஆகவே இங்கே செய்ய வேண்டுவது மடிப்பன்று. குண்டைச் செருகுவதற்காகச் சற்றே விரித்துவிட்ட வாயை மீண்டும் நேராக்கி, மிக இலேசாகக் குவிப்பதே.

எவ்வளவு இலேசாக என்பதை எண்களாற் சொல்லிப் பார்ப்போம். குண்டின் விட்டம் சுமார் 9.02 மில்லிமீட்டர். வாயருகே பித்தளைச் சுவரின் கனம் சுமார் 0.29. இருபுறச் சுவரையும் குண்டையும் கூட்டினால் 9.60. அவ்விடத்தில் தோட்டாவுக்கு நிர்ணயிக்கப்பட்ட உச்ச அளவோ 9.65. எஞ்சுவது 0.05 மில்லிமீட்டர், மனிதனின் தலைமயிர் ஒன்றின் கனத்தைவிடக் குறைவு! ஈயத்தில் வார்த்த குண்டுகள் பெரும்பாலும் 9.04 அளவில் இருக்கும். அதனுடன், கனமான சுவருடைய ஒரு தொழிற்சாலையின் கூடும் சேர்ந்துவிட்டால் அந்தச் சொற்ப இடைவெளியும் மறைந்துவிடும். பல தொழிற்சாலைகளின் கூடுகளைக் கலந்து பயன்படுத்துகிறவர்களுக்குச் சில தோட்டாக்கள் மட்டும் சிக்கிக்கொள்வதன் மர்மம் இதுதான். மயிரிழையையும் பல கூறுகளாக்கி அளக்கும் வித்தை வளர்ந்ததில் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலைக்கும் பங்கு உண்டு என்பது இங்கே நினைக்கத் தக்கது. ஸ்வீடனில் எஸ்கில்ஸ்டுனா நகரத்துத் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த கார்ல் எட்வர்ட் ஜொஹான்ஸன் என்பவர்தான், சில எஃகுக் கட்டைகளை வெவ்வேறு விதமாக இணைத்து எந்த அளவையும் ஆக்கிக் காட்டலாம் என்று 1896இல் கண்டார்; இன்றைய அளவியல் அக்கட்டைகளுக்குப் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறது.

பித்தளையின் ஞாபகம்

வாய் இறுக்கம் போதவில்லை என்று தோன்றினால் இன்னும் பலமாக இறுக்கிவிடலாமே என்று எண்ணுவது இயற்கை. இங்கே உலோகத்தின் சுபாவம் நம் எண்ணத்துக்கு நேர்மாறான பலனைத் தருகிறது.

பித்தளைக்கு மீள்தன்மை உண்டு. அதை அழுத்திவிட்டுக் கையை எடுத்தால், அழுத்திய இடத்திலேயே முற்றிலும் நின்றுவிடாமல், பழைய நிலையை நினைத்துக்கொண்டதுபோலச் சற்றே பின்வாங்கும். ஈயத்துக்கோ அந்த ஞாபகம் மிகவும் குறைவு; அழுத்தினால் அழுந்தியபடியே கிடக்கும். ஆகையால், உள்ளே குண்டும் வெளியே பித்தளையுமாக இருக்கும் வாயை மிதமிஞ்சி இறுக்கும்போது இரண்டும் சேர்ந்து சுருங்குகின்றன. அச்சை எடுத்தவுடன் பித்தளை மட்டும் பின்வாங்க, குண்டு சுருங்கியபடியே நின்றுவிடுகிறது. பிடிப்பு அதிகமாக வேண்டும் என்று செய்த காரியமே பிடிப்பைத் தளர்த்திவிடுகிறது! உண்மையில் குண்டைப் பற்றி நிற்கும் பலம் வாயின் நுனியிலிருந்து வருவதன்று; முதலில் கூட்டை அச்சில் இட்டுக் குண்டின் விட்டத்தைவிடச் சற்றுக் குறுகலாக்கியதனால் அது, பின்னர்ச் செருகப்பட்ட குண்டைச் சுற்றி நீளவாட்டில் முழுவதும் அணைத்து நிற்கிறதே, அந்த அணைப்பிலிருந்து வருவது.

அந்த அணைப்பும் என்றும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பித்தளையை விரிப்பதும் சுருக்குவதுமாகப் பலமுறை வேலை வாங்கினால் அதன் உள்ளமைப்பிலுள்ள அணு அடுக்குகள் ஒன்றன்மேலொன்று வழுக்கும் இயல்பை இழந்து உலோகம் கடினமாகிறது. கடினமான பித்தளை அதிகமாகப் பின்வாங்குகிறது. அதனால் அச்சு எவ்வளவு சரியாயிருந்தும் கூடு போதிய அளவு குறுகாமல் குண்டு தளர்ந்துவிடுகிறது. பலமுறை பயன்பட்ட கூட்டில் செருகிய குண்டைக் கட்டைவிரலால் மேசையோரத்தில் அழுத்திப் பார்த்து, நீளம் குறைகிறதா என்று அளந்துகொள்வது அனுபவசாலிகளின் வழக்கம்.

இவ்விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டுவது தடைக்கு அஞ்சி மட்டுமன்று. பிடிப்புத் தளர்ந்த குண்டு, மூக்கு சரிவில் மோதும்போது கூட்டுக்குள்ளே பின்தள்ளப்பட்டுவிடும். 9 மில்லிமீட்டர்க் கூட்டின் உட்புறம் மிகச் சிறியது. அதில் மருந்து எரிவதற்குள்ள இடம் சிறிதளவு குறைந்தாலும் அழுத்தம் மளமளவென்று ஏறி, குழலையும் கையையும் கண்ணையும் ஆபத்துக்கு உள்ளாக்கக் கூடும். சிக்கிக்கொண்ட தோட்டாவை மீண்டும் மேகசீனில் இட்டுச் சுட்டுவிட எண்ணுகிறவர்கள் இதை ஒருபோதும் மறத்தலாகாது. அதன் நீளத்தை மற்றொன்றுடன் ஒப்பிட்டு, குறைந்திருந்தால் ஒதுக்கிவிட வேண்டும்.

குழலே கூறும் தீர்ப்பு

இத்தனை நுட்பங்களையும் அளவுகோல் கொண்டு ஒவ்வொன்றாக ஆராய வேண்டும் என்று மலைக்க வேண்டியதில்லை. நம்பத்தக்க அளவுகருவி அந்தப் பிஸ்டலின் குழலேயாகும். பிஸ்டலில் தோட்டா ஏதும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, குழலைத் தனியே கழற்றி, அறை மேல்நோக்கி இருக்குமாறு பிடித்து, செய்த தோட்டாவை அதனுள் கைவிட வேண்டும். நல்ல தோட்டா ‘டொக்’ என்ற தெளிவான ஓசையுடன் அடியிற் சென்று அமரும். விரலால் சுழற்றினால் தடையின்றிச் சுழலும். குழலைக் கவிழ்த்தால் தன் கனத்தினாலேயே வெளியே விழும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அத்தோட்டாவில் எங்கோ ஓர் உரசல் இருக்கிறது.

எங்கே என்பதை அத்தோட்டாவையே சொல்ல வைக்கலாம். மை எழுதுகோலால் அதன் உடல் முழுவதும் கறுப்பாகப் பூசி, உலர்ந்தபின் குழலில் இட்டு, சற்றே திருகி எடுத்தால், உரசிய இடத்தில் மட்டும் மை அழிந்து உலோகம் பளிச்சென்று தெரியும். குண்டின் தோளில் அழிந்திருந்தால், அது குழலின் உட்சுழல் வரிகளைத் தொடுகிறது. இன்னும் சற்று ஆழமாகச் செருக வேண்டும். வாய் விளிம்பில் அழிந்திருந்தால், செருகுவதற்காக விரித்த வாய் முழுவதும் நேராகவில்லை. வாய்க்குச் சற்றுக் கீழே ஒரு பக்கத்தில் மட்டும் அழிந்திருந்தால், குண்டு கோணலாக இறங்கிக் கூட்டை ஒருபுறம் புடைக்கச் செய்திருக்கிறது. அடிப்பகுதியில் அழிந்திருந்தால், அச்சு போதிய அளவு கீழிறங்கவில்லை, அல்லது கூட்டின் அடியை முழுதும் அணைக்காத வேறொரு பிஸ்டலில் முன்பு சுட்டபோது உண்டான புடைப்பு இன்னும் நீங்கவில்லை. நான்கு வகை நோய்க்கும் நான்கு இடங்கள். குழப்பத்துக்கு இடமே இல்லை.

குண்டை ஆழமாகச் செருகும்போதும் ஓர் எல்லை உண்டு. 9 மில்லிமீட்டர்த் தோட்டாவின் முழு நீளம் 29.69 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது என்பது விதி. ஆனால் அது மேல்வரம்பேயன்றி எல்லாக் குண்டுக்கும் பொருந்தும் கட்டளை அன்று. உருண்டை மூக்குக் குண்டு அந்த நீளத்துக்கு அருகிலேயே இனிது செல்லலாம். தட்டை மூக்கும் பருத்த தோளும் உடைய குண்டை அதே நீளத்தில் அமைத்தால் உட்சுழல் வரிகளில் முட்டக்கூடும். அளவுக்கு மீறிக் குறுக்கினாலோ மூக்கு சரிவின் அடிப்பாகத்திலே குத்தி நின்றுவிடும். முன்சொன்ன அழுத்த அபாயமும் தலைகாட்டும். ஒவ்வொரு வகைக் குண்டுக்கும் நூல்களில் அச்சிட்ட நீளத்தையும் மருந்தளவையும் ஆதாரமாகக் கொண்டு, அவற்றின் எல்லைக்குள்ளேயே குழலின் தீர்ப்பைக் கேட்டு நடப்பதுதான் முறை.

அன்வயமும் வியதிரேகமும்

குழல் சோதனையில் தேறிய தோட்டாவும் சில சமயம் களத்தில் நின்றுவிடும். அப்போது குற்றம் அளவில் இல்லை, இயக்கத்தில் இருக்கிறது என்று அநுமானிக்க வேண்டும். வெற்றுக் கூடு வெளியேறாமல் புகைபோக்கிபோல நிமிர்ந்து நின்றாலும், அடுத்த தோட்டாவைப் பற்றாமலே ஸ்லைடு திரும்பிவிட்டாலும், பெரும்பாலும் மருந்தின் வலு குறைவென்றோ, பிடித்த மணிக்கட்டு தளர்ந்ததென்றோ கொள்ளலாம். மூக்கு அறையின் மேற்கூரையில் முட்ட, உடலின் நடுப்பகுதி சரிவின் முனையில் இடற, அடி ஸ்லைடில் அழுந்த, இப்படி மூன்று இடங்களில் மாட்டிக்கொண்டு சாய்வாக நின்றால், கொக்கியின் விசை மிகுதியோ, மேகசீனின் உதடுகள் தோட்டாவை விடும் தருணம் தவறியதோ, குண்டின் நீளம் குறைந்ததோ காரணமாகலாம். வெடியோசை வழக்கத்துக்கு மாறாக மெலிந்து கேட்டால் மட்டும் ஆராய்ச்சிக்கெல்லாம் முன்பு சுடுவதை உடனே நிறுத்தி, குழலுக்குள் குண்டு தங்கிவிட்டதா என்று பார்த்தாக வேண்டும்.

காரணங்கள் பலவாகத் தோன்றும்போது அவற்றைப் பிரித்தறிய நம் நாட்டுத் தர்க்க நூலார் நெடுங்காலத்துக்கு முன்பே ஒரு வழி வகுத்திருக்கிறார்கள். இது இருந்தால் அது இருக்கிறது என்று காண்பது அன்வயம். இது நீங்கினால் அதுவும் நீங்குகிறது என்று காண்பது வியதிரேகம். இரண்டும் கூடினாலன்றிக் காரணம் நிச்சயமாகாது. இம்முறைப்படி, தடை கண்டவன் முதலில் தொழிற்சாலைத் தோட்டாவைத் தன் பிஸ்டலில் இட்டுச் சுட்டுப் பார்க்கட்டும். அதுவும் நின்றால் குற்றம் பிஸ்டலிலோ மேகசீனிலோ இருக்கிறது. மேகசீன்களுக்கு எண் இட்டு வைக்கட்டும். தடை எப்போதும் ஒரே எண்ணுடன் வந்தால் அதன் உதடும் வில்லுமே குற்றவாளி. இரண்டிலும் குற்றமில்லையேல் தன் தோட்டாவையே ஆராய வேண்டும். அங்கேயும் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். நீளத்தையும் இறுக்கத்தையும் மருந்தையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டவனுக்குத் தடை நீங்கினாலும் ஞானம் கிட்டுவதில்லை. எது நீக்கியது என்று அவனுக்குத் தெரியாது. மறுமுறை தடை வரும்போது அவன் மீண்டும் இருட்டிலேதான் துழாவ வேண்டும்.

எனவே தோட்டா சிக்கி நின்ற கணத்தில், குழல் பாதுகாப்பான திசையை நோக்கியிருக்க, விரல் விசையை விட்டு விலகியிருக்க, ஒரு நிமிஷம் பொறுமையாக அதைப் பார்க்க வேண்டும். மூக்கு எங்கே முட்டியிருக்கிறது, அடி விளிம்பு கொக்கியின் கீழே சென்றதா, ஸ்லைடு இன்னும் எவ்வளவு தூரம் செல்ல வேண்டியிருந்தது என்பவற்றைக் கண்டு குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட பின்னரே மேகசீனைக் கழற்றித் தோட்டாவை எடுக்க வேண்டும். சாட்சியை விசாரிக்குமுன் அனுப்பிவிட்டுப் பின்னர் வழக்கை ஆராய முடியாது.

இக்கலையில் தேர்ந்தவர்கள் ஒவ்வொரு வகைக் குண்டுக்கும் ஒரு மாதிரித் தோட்டா செய்து வைத்திருப்பார்கள். அதில் பிரைமரும் இராது, மருந்தும் இராது. கூடும் குண்டும் மட்டுமே. அதைக் குழலில் இட்டு, மை பூசி, திருத்தி, மறுபடி இட்டு, ஓசையும் சுழற்சியும் வீழ்ச்சியும் செவ்வனே அமைந்த பிறகுதான் உண்மையான தோட்டாக்களைச் செய்யத் தொடங்குவார்கள். வேலை முடிந்ததும் அம்மாதிரியின்மேல் நீளத்தைக் குறித்துச் சிறு பெட்டியில் இட்டு வைத்துவிடுவார்கள். அடுத்த ஆண்டு அதே குண்டு வரும்போது அச்சின் உயரத்தை நிர்ணயிக்க அதுவே ஆதாரம். அதன் பின் வரும் ஆயிரம் தோட்டாக்கள் தடையின்றிச் செல்வது, ஒருநாளும் சுடப்படாத அந்த ஒன்றின்மேற் செலவிட்ட பொறுமையினால்தான்.